வேலை போனதா, கூலி போனதா? லங்காஷயர் நெசவாளிகளுக்கு நடந்தது

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. தொழிற்புரட்சியில் இயந்திரம் வந்ததும் கைத்தொழிலாளிகளுக்கு வேலை போனது, கொஞ்ச காலத்தில் புது வேலைகள் வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அப்படித்தான் நடந்ததா என்பது முதல் பகுதி. மான்செஸ்டர் துணி வந்து நம் ஊர் நெசவை அழித்தது என்பது எவ்வளவு தூரம் உண்மை என்பது இரண்டாவது.

முதலாவதற்குச் சுருக்கமான பதில்: வேலை உடனே போகவில்லை. முதலில் கூலி போனது. வேலை போக இன்னும் முப்பது வருஷம் ஆனது. இதை ஒரே ஒரு தொழிலை வைத்துச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள லங்காஷயரில் பருத்தி நூற்பும் நெசவும். இயந்திரம் முதலில் முழுமூச்சாகப் புகுந்தது அங்கேதான், ஓரளவு நம்பகமான எண்ணிக்கைகள் கிடைப்பதும் அந்தத் தொழிலுக்குத்தான்.

1760 வாக்கில் ஒரு நெசவாளி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவுகிறார்கள். மனைவியும் பெண்களும் ராட்டையில் நூற்கிறார்கள். தறியில் அப்பா. பஞ்சையோ நூலையோ வியாபாரி கொடுப்பார், நெய்த துணியை எடை பார்த்து வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பார். காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் மாஸ்டர் வீவரிடம் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல், வாங்கி நெய்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. திங்கட்கிழமை பலர் தறியில் உட்காரவே மாட்டார்கள். வியாழன், வெள்ளி ராத்திரியெல்லாம் கண்விழித்து நெய்து சனிக்கிழமை துணியைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். இதை ஒரு பொற்காலமாக எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலு வயதுப் பிள்ளைக்குக்கூட அந்த வீட்டில் வேலை இருந்தது. ஆனால் எப்போது எழுவது, எப்போது நிறுத்துவது என்பது அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. பின்னால் வரப்போகிற சண்டையில் பாதி இதைப் பற்றித்தான்.

1733-இல் ஜான் கே விசை நாடாவைக் கொண்டுவந்தார். நாடா என்பது பாவுக்குக் குறுக்கே நூலைக் கொண்டுபோகும் கட்டை. அதற்கு முன்னால் அகலத் துணி நெய்ய இரண்டு பேர் வேண்டும், இந்தப் பக்கம் ஒருவர் நாடாவை வீச, அந்தப் பக்கம் ஒருவர் பிடிக்க. கே நாடாவுக்குச் சின்னச் சக்கரம் வைத்தார், இரண்டு ஓரத்திலும் பெட்டி வைத்தார், நடுவில் ஒரு கயிறு. கயிற்றைச் சுண்டினால் நாடா ஓடி அந்தப் பெட்டியில் விழும். ஒருவரே நெய்யலாம், வேகமும் கூடியது. ஆனால் நெசவு வேகமெடுத்ததும் நூல் போதவில்லை. ஒரு தறிக்குத் தீனி போட நாலைந்து பேர் நூற்க வேண்டியிருந்தது. ஆக, அடுத்த முப்பது வருஷம் எல்லோர் கண்ணும் ராட்டைமேல் விழுந்தது.

1760-களில் ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி என்ற நூற்பு இயந்திரம் வந்தது, முதலில் எட்டுக் கதிர்கள், அதாவது ஒரே நேரத்தில் எட்டு நூல். 1769-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் நீர்ச்சக்கர நூற்பு இயந்திரம், பாவுக்குத் தாங்கும் முறுக்கான நூலைக் கொடுத்தது. அதுவரை இங்கிலாந்தில் பருத்தித் துணி என்று விற்றதில் பாவு பெரும்பாலும் லினன் நூல்தான். 1779-இல் சாமுவேல் குரோம்ப்டன் இரண்டின் உத்தியையும் சேர்த்து மியூல் என்ற இயந்திரத்தைச் செய்தார். மஸ்லின் நெய்கிற அளவுக்கு மெல்லிய நூல் அதில் வந்தது. நூறு பவுண்டு பஞ்சை, அதாவது சுமார் 45 கிலோவை, மெல்லிய நூலாக நூற்க இந்தியக் கைராட்டையில் 50,000 மணி நேரம் ஆகும் என்பது தொழில்நுட்ப வரலாற்றாளர்கள் போட்ட கணக்கு. குரோம்ப்டனின் மியூலில் 2,000 மணி. 1795-இல் விசை பூட்டிய மியூலில் 300 மணி. 1825-க்குப் பிறகு வந்த தானியங்கி மியூலில் 135 மணி. ஒரே ஆயுள்காலத்துக்குள் நடந்த மாற்றம் இது.

இப்போது கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. நூற்பு இயந்திரமயமானது 1770-களில். நெசவு இயந்திரமயமானது 1820-களில். நடுவில் நாற்பது, ஐம்பது வருஷ இடைவெளி. நூல் மலிந்து கிடக்கிறது, ஆனால் அதைத் துணியாக்க இன்னும் மனிதக் கைதான் வேண்டும். அதனால் இயந்திரம் முதலில் கைநெசவாளியை வாழவைத்தது. போல்டன் பக்கத்து நெசவாளிகள் ஐந்து பவுண்டு நோட்டைத் தொப்பியில் செருகிக்கொண்டு தெருவில் நடந்தார்கள் என்று கதை உண்டு. கதைதான், ஆனால் 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் நல்ல நெசவாளி வாரத்துக்கு 25 ஷில்லிங் (இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு) வரை பார்த்தார் என்பது கதை இல்லை.

அந்தக் காசைப் பார்த்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். சாதாரணப் பருத்தித் துணி நெய்யக் கற்பது பெரிய வித்தை இல்லை, சில வாரங்களில் கைவந்துவிடும். விவசாயக் கூலிகள் வந்தார்கள், அயர்லாந்திலிருந்து வந்தார்கள், 1815-இல் நெப்போலியன் போர் முடிந்ததும் படையிலிருந்து திரும்பியவர்களும் தறியில் உட்கார்ந்தார்கள். கூலி இறங்கத் தொடங்கியது. 1820 வாக்கில் சுமார் 9 ஷில்லிங். 1830 வாக்கில் 6 ஷில்லிங் சொச்சம்.

இந்தச் சரிவை விசைத்தறியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 1785-இலேயே எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியார் விசைத்தறியைச் செய்துவிட்டார். ஆனால் அது ஓடவில்லை என்றே சொல்லலாம். கொஞ்சம் நெய்ததும் தறியை நிறுத்திப் பாவுக்குக் கஞ்சி போட வேண்டும், நூல் அறுந்தால் இயந்திரத்துக்குத் தெரியாது. பாவை முன்கூட்டியே கஞ்சி போட்டுச் சுற்றித் தரும் இயந்திரம் 1803, 1804-இல் வந்த பிறகுதான் அந்தத் தறிக்கு உயிர் வந்தது. பிரிட்டனில் 1813-இல் இருந்த விசைத்தறிகள் வெறும் 2,400 என்பது மதிப்பீடு, கைநெசவாளிகளோ இரண்டு லட்சத்துக்கு மேல். கூலி அதற்குள்ளாகவே விழத் தொடங்கிவிட்டது. 1808-இல் குறைந்தபட்சக் கூலி கேட்டு நெசவாளிகள் கொடுத்த மனுவை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்தது. தொழிலாளிகள் சங்கம் சேர்வதை 1799, 1800 சட்டங்கள் ஏற்கனவே தடுத்திருந்தன. முதலாம் எலிசபெத் அரசி காலத்துச் சட்டத்தில் கூலியை நீதிபதிகள் நிர்ணயிக்கலாம் என்று இருந்த பிரிவையும் 1813-இல் எடுத்துவிட்டார்கள். வியாபாரி கூலியைக் குறைத்தால் கேட்க ஆள் இல்லை. விசைத்தறி வந்தபோது ஏற்கனவே விழுந்து கிடந்தவர்களின்மேல்தான் அது ஏறியது.

அப்புறம் எண்ணிக்கை எகிறியது. விசைத்தறிகள் 1820-இல் 14,000, 1829-இல் 55,000, 1833-இல் ஒரு லட்சம். இதே 1833-இல் கைநெசவாளிகள் எத்தனை பேர் தெரியுமா? இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல். இருபது வருஷத்தில் விசைத்தறி நாற்பது மடங்கு பெருகியும் கைநெசவாளிகளின் தொகை அசையவே இல்லை. 1850-இல்தான் அது நாற்பதாயிரத்துச் சொச்சத்துக்கு வருகிறது.

கால் கூலிக்கு ஏன் நெய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கலாம். விசைத்தறி மில்காரர் தேடியது இளம்பெண்களையும் பிள்ளைகளையும், நாற்பத்தைந்து வயது ஆணை அல்ல. தறி சொந்தமாக வீட்டில் இருந்தது, வேறு எதுவும் இல்லை. கூலி குறைந்தால் அதே வருமானத்துக்கு அதிக நேரம் நெய்ய வேண்டும், எல்லோரும் அப்படி நெய்தால் துணி இன்னும் குவியும், கூலி இன்னும் இறங்கும். மில்காரருக்கும் இது வசதியாக இருந்தது. சந்தை நன்றாக இருக்கும்போது கைநெசவாளிக்குப் பாவு கொடுப்பார், மந்தமானால் நிறுத்திவிடுவார், தன் விசைத்தறி மட்டும் நிற்காமல் ஓடும். நஷ்டத்தைத் தாங்கும் மெத்தையாகக் கைநெசவாளியை வைத்திருந்தார்கள். 1835-இல் மறுபடி குறைந்தபட்சக் கூலி மசோதா வந்தது, மறுபடி தோற்றது. பிறகு அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. 1841-இல் அது கொடுத்த இறுதி அறிக்கையின் சாரம்: இந்தத் தொழிலை விட்டுவிடுங்கள், பிள்ளைகளை இதில் சேர்க்காதீர்கள்.

இயந்திரங்களை உடைத்த லட்டைட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இயந்திரம் என்றாலே ஆகாத பழமைவாதிகள் என்று அவர்களைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. 1811-இல் நாட்டிங்காம் பக்கம் உடைக்கப்பட்ட காலுறை பின்னும் இயந்திரங்கள் புதுக் கண்டுபிடிப்பே அல்ல, அந்த வகை இயந்திரம் 1589 முதல் இருந்தது. அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து மட்டமான காலுறை விற்றவர்கள்மீதும், கூலியைக் குறைத்தவர்கள்மீதும்தான் கோபம். யார் வீட்டு இயந்திரத்தை உடைப்பது, யாருடையதை விடுவது என்று பார்த்துப் பார்த்துத்தான் உடைத்தார்கள். யார்க்ஷயரில் கதை வேறு. அங்கே கம்பளித் துணியின் பிசிரைக் கனத்த கத்தரியால் மட்டமாக வெட்டும் தொழிலாளிகள், நல்ல கூலி வாங்கியவர்கள், தங்கள் தொழிலையே விழுங்க வந்த வெட்டும் இயந்திரத்தை உடைத்தார்கள். அந்த இயந்திரங்களைச் செய்தவர் ஈனக் டெய்லர் என்ற கொல்லர். உடைக்கப் பயன்படுத்திய சம்மட்டிக்கும் ஈனக் என்றே பெயர் வைத்தார்கள். 1812-இல் பின்னல் இயந்திரத்தை உடைப்பவருக்குத் தூக்கு என்று சட்டம் கொண்டுவந்தார்கள். கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் பேசிய முதல் பேச்சே அதை எதிர்த்துத்தான். பலனில்லை. 1813 ஜனவரியில் யார்க் நகரில் மட்டும் 17 பேரைத் தூக்கில் போட்டார்கள். கொலை, கொள்ளை, மில் தாக்குதல் என்று குற்றச்சாட்டுகள் வேறுவேறு.

சரி, மில்லுக்குள் போனவர்களின் கதை? ஆர்க்ரைட் 1771-இல் டெர்பிஷயரின் குரோம்ஃபர்டில் மில் கட்டியபோது அந்தப் பள்ளத்தாக்கில் போதிய ஆட்களே இல்லை. பிள்ளைகள் அதிகம் உள்ள குடும்பங்களைத் தேடிக் கூட்டிவந்தார், மூன்று மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தார். மேல்மாடியில் வரிசையாக ஜன்னல் வைத்த அறை. அப்பா அங்கே தறி நெய்யலாம், மனைவியும் பிள்ளைகளும் மில்லுக்குப் போகலாம். அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. வீடும் மில்லும் பிரிந்த கணத்தை ஒரே கட்டடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மில் வேலையில் மிகவும் உறுத்தியது உழைப்பின் கடுமை அல்ல என்று நினைக்கிறேன். கடுமை வீட்டிலும் இருந்தது. உறுத்தியது மணி. நீர்ச்சக்கரமும் நீராவி இயந்திரமும் ஓடும்போது எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும், ஒருவர் தாமதமாக வந்தால் அவருடைய கதிர்கள் சும்மா நிற்கும். அதனால் மணியடித்ததும் வாசற்கதவைச் சாத்தினார்கள், தாமதத்துக்குக் கூலியைப் பிடித்தார்கள். விடிகாலையில் நீண்ட கம்பால் மாடி ஜன்னலைத் தட்டி எழுப்புவதே ஒரு பிழைப்பானது. மான்செஸ்டர் அருகே டில்டெஸ்லியில் இருந்த ஒரு நூற்பாலையின் அபராதப் பட்டியல் 1823-இல் வெளியானது. ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒரு ஷில்லிங். வேலையில் அழுக்காக இருந்தால் ஒரு ஷில்லிங். கழுவிக்கொண்டால் ஒரு ஷில்லிங். விசில் அடித்தால் ஒரு ஷில்லிங். அழுக்குக்கும் அபராதம், கழுவினாலும் அபராதம் என்பதைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது, உள்ளே இருந்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது. ஜன்னலை ஏன் திறக்கக் கூடாது என்றால், மெல்லிய நூல் அறுபடாமல் இருக்கச் சூடும் ஈரமும் வேண்டும். மனிதனுக்கு ஒத்த காற்றும் நூலுக்கு ஒத்த காற்றும் வேறுவேறு.

மியூலின் வண்டி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அது வெளியே வரும் நேரத்தில் அடியில் தவழ்ந்து போய்ப் பஞ்சுத் தூசியைக் கூட்டி எடுத்து, அது திரும்புவதற்குள் வெளியே வர வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை இது. அறுந்த நூலைப் பிணைப்பதும் பிள்ளைகள்தான். நெசவுக் கூடத்தில் தறிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அதனால் லங்காஷயர் பெண்கள் வாயசைவைப் படிக்கப் பழகினார்கள், மில்லுக்கு வெளியிலும் வாயைப் பெரிதாக அசைத்துப் பேசும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. நாடாவில் புதுத் தாரை, அதாவது நூல் சுற்றிய குழலை, போட்டதும் நூல் நுனியை அதன் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். ஒரே நாடாவில் பல பேர் வாய் வைப்பார்கள், நோய் பரவும். 20-ஆம் நூற்றாண்டு வரை இது நடந்தது.

குடும்பத்துக்குள் யார் சம்பாதிப்பது என்பதும் புரண்டது. கையால் நூற்பது பெண்களின் வேலையாக இருந்தது. பெரிய மியூல் வந்ததும் அது ஆண்களின் வேலையானது, அவர்கள் வலுவான சங்கம் அமைத்தார்கள், நல்ல கூலி வாங்கினார்கள். நெசவு பெரும்பாலும் ஆண்களின் வேலையாக இருந்தது, விசைத்தறி அதைப் பெண்களிடம் கொடுத்தது. மியூல்காரர்களின் வேலைநிறுத்தம் தாங்காமல் முதலாளிகள் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற பொறியாளரிடம் போய், ஆள் திறமை தேவைப்படாத இயந்திரம் செய்துகொடு என்று கேட்டார்கள். அப்படி வந்ததுதான் 1825-இன் தானியங்கி மியூல். ஆனாலும் மியூல்காரர்கள் அவ்வளவு சுலபமாக ஒழியவில்லை. சங்கம் இருந்ததால் புது இயந்திரத்தையும் தாங்களே ஓட்டும்படி பார்த்துக்கொண்டார்கள். கைநெசவாளிகளுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இருவரையும் இயந்திரம் தாக்கியது, பேரம் பேசும் பலம் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஊர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஒரு கணக்கு போதும். 1842-இல் தொழிலாளர்களின் சுகாதாரம் பற்றி எட்வின் சாட்விக் கொடுத்த அறிக்கையில் மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறக்கும் சராசரி வயது 17 என்று இருக்கிறது. குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால் வந்த எண் அது. கிராமப்புற ரட்லண்டில் கூலித் தொழிலாளிகளுக்கு 38. மான்செஸ்டரின் வசதியானவர்களுக்கும் அதே 38 தான்.

புது வேலைகள் வந்ததா என்றால், வந்தது. இயந்திரம் செய்கிறவர், ரயில்வே, நிலக்கரி, குமாஸ்தா. இருந்தாலும் 1851 கணக்கெடுப்பில்கூட விவசாயமும் வீட்டு வேலையும்தான் முதல் இரண்டு இடத்தில் நிற்கின்றன, பருத்தி அதற்குப் பிறகு. 1780 முதல் 1840 வரை ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் உயர்ந்தது, உண்மைக் கூலி 12 சதவீதம்தான் உயர்ந்தது என்று பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலன் கணக்கிடுகிறார். எண்களைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. கூலி வெகுவாகப் பின்தங்கியது என்பது எனக்கு நம்பும்படியாகவே இருக்கிறது. அது பிடித்து ஏறியது 1840-களுக்குப் பிறகுதான், அதுவும் தானாக ஏறியதாகத் தெரியவில்லை. 1824-இல் சங்கத் தடைச் சட்டங்கள் போனது. 1833 சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பஞ்சாலையில் சேர்க்கத் தடை போட்டது, சோதனை செய்ய நாலு இன்ஸ்பெக்டர்களையும் நியமித்தது. அதற்கு முந்தைய சட்டங்கள் காகிதத்தோடு நின்றதற்குக் காரணம் இன்ஸ்பெக்டர் இல்லாததுதான். 1847-இல் பெண்களுக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம். தொப்பியில் நோட்டைச் செருகிய தலைமுறை அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்றையும் விடக் கூடாது. இந்த மில்களுக்குப் பஞ்சு எங்கிருந்து வந்தது? 1793-இல் எலி விட்னியின் பஞ்சு அரவை இயந்திரம் அமெரிக்கத் தெற்கில் பருத்தியை லாபமாக்கியது. கொட்டை நீக்கும் வேலை குறைந்ததால் அடிமைகளின் பாடு குறையவில்லை, பயிரிடும் பரப்பு விரிந்தது. 1790-இல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் அடிமைகள், 1860-இல் ஏறக்குறைய 40 லட்சம். வேலையை மிச்சப்படுத்தும் இயந்திரம் வேலையைப் பெருக்கியதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. முதலில், இந்த இயந்திரங்களைச் செய்யத் தூண்டியதில் நம் துணிக்கும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கத்திலிருந்தும் போன துணி இங்கிலாந்தில் அவ்வளவு விற்றதால் 1700-இலும் 1721-இலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இயந்திர நூல் வந்த பிறகு காற்று திசை மாறியது, நம் ஏற்றுமதிச் சந்தை சுருங்கியது.

உள்ளூரில் முதலில் வீழ்ந்தது ராட்டைதான், தறி அல்ல. 50,000 மணிக்கும் 135 மணிக்கும் நடந்த போட்டியில் கை நூற்பு நிற்க முடியாது. அதில் இருந்தவர்கள் பெண்கள், அதிலும் பலர் விதவைகள், வீட்டில் ஓய்ந்த நேரத்தில் நூற்றவர்கள். ஊர் ஊராகப் போன அந்த வருமானத்தைப் பற்றி யாரும் கலகம் செய்யவில்லை, அதனால் வரலாற்றிலும் அதிகம் இல்லை. நெசவாளிகளும் அடிவாங்கினார்கள், பஞ்ச காலங்களில் துணி வாங்க ஆளில்லாமல் தறியை விட்டு ஓடியவர்கள் ஏராளம். ஆனால் தறி அழியவில்லை. மில் நூலை வாங்கி நெய்யத் தொடங்கினார்கள். முதலில் லங்காஷயர் நூல், பிறகு பம்பாய் நூல், 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து கோயம்புத்தூர் நூலும். கரையும் முந்தானையும் வைத்த புடவையை லங்காஷயர் தறியால் லாபமாக நெய்ய முடியவில்லை. அழித்தது என்ற ஒரே சொல்லில் இதை அடக்குவது சரியில்லை.

ஜான் கேயின் விசை நாடா நம் பக்கம் பரவலாக வர 170 வருஷத்துக்கு மேல் ஆனது. 1900-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி அதைப் பரப்ப முனைந்தார், சேலத்தில் நெசவாளிகளை ஒரே கூடத்தில் உட்காரவைத்து நெய்யும் ஏற்பாட்டையும் செய்து பார்த்தார். கூடம் எடுபடவில்லை, நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகும் வேலை நெசவாளிகளுக்குப் பிடிக்கவில்லை. நாடா மட்டும் அடுத்த சில பத்தாண்டுகளில் வீட்டுத் தறிகளில் பரவிவிட்டது.